ஆள் நிற்கும் முச்சந்தியில் உற்றுநோக்கல் ஆய்வு: எங்கே நிற்பது, யாரிடம் சொல்வது?

பூங்கொடி_முதுகலை

அனைவருக்கும் வணக்கம். சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு முச்சந்தி இருக்கிறது. விடிந்தும் விடியாமலும் கொத்தனார்கள், சித்தாள்கள், பெயின்டர்கள் அங்கே வந்து நிற்பார்கள். மேஸ்திரிகள் வண்டியில் வந்து கூலி பேசி அழைத்துப் போவார்கள். ஒன்பது மணிவரை யாரும் கூப்பிடாதவர்கள் தூக்குவாளியோடு வீடு திரும்புவார்கள். இந்த இடத்தைத்தான் ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன்.

வினாநிரல் தயாரித்து நூறு பேரிடம் நிரப்பி வாங்கி வரச் சொல்கிறார் நெறியாளர். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. யாரை முதலில் அழைக்கிறார்கள், யார் கடைசிவரை நிற்கிறார்கள், பெண்கள் ஏன் டீக்கடைப் பக்கம் வராமல் எதிர்ச்சாரியிலேயே நிற்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டு வாங்குவதைவிடப் பார்த்து அறிவதே சரி என்று நினைக்கிறேன். பாடநூலில் இதற்கு நாலு பக்கம் இருக்கிறது: பங்கேற்பு உற்றுநோக்கல், பங்கேற்பில்லா உற்றுநோக்கல், கட்டுப்பாடுள்ளது, கட்டுப்பாடற்றது, நிறைகள், குறைகள். முச்சந்தியில் நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரி கூட இல்லை.

என்னை யார் என்று சொல்லிக்கொள்வது? குறிப்பேட்டை எல்லோர் முன்னாலும் எடுக்கலாமா? “இது ஆய்வா, கதையா?” என்று நெறியாளர் கேட்டால் என்ன பதில் சொல்வது? களத்துக்குப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணும்_எழுத்தும்

உங்கள் நெறியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கள ஆய்வுகளில் கணக்கெடுப்பு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே இடத்தை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாக எழுதுவார்கள் என்பதுதான் இந்த முறையின் பெரிய சிக்கல்.

மெக்சிகோவில் தெபோஸ்த்லான் என்றொரு ஊர். ராபர்ட் ரெட்ஃபீல்ட் 1926-27இல் அங்கே தங்கி ஆய்வு செய்தார். ஒற்றுமையும் அமைதியும் நிறைந்த கிராமம் என்ற சித்திரம் 1930இல் வந்த அவர் நூலில் கிடைக்கிறது. 1943இல் அதே ஊருக்குப் போன ஆஸ்கர் லூயிஸ், 1951இல் வெளியிட்ட நூலில் அச்சமும் பொறாமையும் வன்முறையும் நிறைந்த ஊராக அதைக் காட்டினார். இடையில் ஊர் மாறியிருக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தால் மட்டும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்க முடியாது. நூறு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், குறைந்தபட்சம் எதில் வேறுபடுகிறோம் என்றாவது சரிபார்த்திருக்கலாம்.

முச்சந்தியில் நீங்கள் பார்ப்பது உங்கள் கண்ணுக்குப் பட்டது மட்டுமே. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

காவிரிக்கரை

பூங்கொடி அம்மா, நான் கல்லூரியில் சமூகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணும்_எழுத்தும் ஐயா சொன்ன தெபோஸ்த்லான். அந்தக் கதை அங்கே முடியவில்லை. ரெட்ஃபீல்ட் 1955இல் எழுதிய நூலில் லூயிஸுக்குப் பதில் சொல்கிறார். தம் ஆய்வுக்கு அடியில் “இந்த மக்கள் எதில் மகிழ்கிறார்கள்?” என்ற கேள்வியும், லூயிஸின் ஆய்வுக்கு அடியில் “எதனால் துன்பப்படுகிறார்கள்?” என்ற கேள்வியும் இருந்தன என்பது அவர் கருத்து. இருவருமே ஊரைப் பார்த்தார்கள்; ஆனால் வெவ்வேறு கேள்வியோடு பார்த்தார்கள். வினாநிரல் கொடுத்திருந்தால் இந்த வேறுபாடு மறைந்திருக்குமா? ரெட்ஃபீல்ட் தயாரிக்கும் வினாநிரலில் மகிழ்ச்சியைப் பற்றிய கேள்விகளே இருந்திருக்கும்.

பார்த்து மட்டுமே அறியக்கூடியது எது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று வில்லியம் ஃபுட் வைட். பாஸ்டன் நகரின் வடமுனைப் பகுதி, இத்தாலியக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1930களின் பிற்பாதியில் அங்கே ஓர் இத்தாலியக் குடும்பத்தோடு தங்கி, மொழியும் கற்றுக்கொண்டு, தெருமுனை இளைஞர்களோடு பழகினார். 1943இல் நூல் வந்தது. அந்த இளைஞர்கள் கூடிப் பந்து உருட்டி விளையாடுவார்கள். குழுவில் யாருக்கு எந்த இடமோ, ஏறக்குறைய அதே வரிசையில்தான் ஆட்டத்தின் மதிப்பெண்களும் விழுந்தன. நன்றாக ஆடக்கூடிய கீழ்நிலைப் பையன் தலைவனுக்கு எதிராக ஆடும்போது தடுமாறுவான்; சுற்றி நிற்பவர்களின் கேலி அவனைத் தடுமாற வைக்கும். “உங்கள் குழுவில் உயர்வு தாழ்வு உண்டா?” என்று கேட்டால், “நாங்கள் எல்லோரும் நண்பர்கள்” என்றுதான் அவர்கள் சொல்லியிருப்பார்கள். அது பொய்யும் இல்லை.

ஒருநாள் சூதாட்டக்காரர் ஒருவரிடம், போலீசுக்குப் பணம் போகிறதா என்ற வகையில் வைட் கேட்டுவிடுகிறார். பேச்சு அங்கேயே கெட்டுவிடுகிறது. அவருடைய நண்பர், நூலில் ‘டாக்’ என்று வருபவர், மறுநாள் சொன்ன அறிவுரை இதுதான்: யார், என்ன, ஏன், எங்கே என்று கேட்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள், மக்கள் உன்னை ஏற்றுக்கொண்டால் சும்மா கூட இருந்தாலே போதும், கேட்காமலேயே பதில் தெரிந்துவிடும். என் மாணவர்களுக்கு முறையியல் வகுப்பில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உங்கள் முதல் கேள்வி, எங்கே நிற்பது. எல்லாவற்றிலும் கடினமானது இது. நம் பக்கத்துச் சான்று ஒன்றைப் பாருங்கள். ஆந்த்ரே பெத்தெய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். நூலில் அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்ரீபுரம். 1965இல் வெளிவந்த அந்த நூல் இன்றும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு ஒரே கையில் குவிந்திருந்தன, இப்போது பிரிந்து போகின்றன என்று அவர் காட்டிய விதம் அருமையானது. ஆனால் அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அக்கிரகாரத்து விருந்தாளியாக அறியப்பட்ட ஒருவர் சேரிக்குள் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட முடியாது. அந்தக் காலத்தில் இரு பக்கமும் அதற்கு இடம் கொடுத்திருக்காது. ஆக, அந்த நூலில் அக்கிரகாரம் அருகில் தெரிகிறது, சேரி தொலைவில் தெரிகிறது. தம் இருப்பிடம் தம் பார்வையைக் கட்டுப்படுத்தியதை அவர் மறைக்கவில்லை.

எம்.என். சீனிவாசும் அப்படித்தான். 1948இல் மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில், ஊர்த்தலைவருக்குச் சொந்தமான கட்டடத்தில் தங்கினார். அதனால் ஊர்ப் பெரியவர்களின் வழக்குகள், பேரங்கள், சண்டைகள் எல்லாம் அவர் கண் முன்னால் நடந்தன. பெண்களிடமும், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களிடமும், முஸ்லிம்களிடமும் அந்த அளவுக்குப் பழக முடியவில்லை. இதை அவரே பின்னாளில் வருத்தத்தோடு எழுதுகிறார்.

ஆகவே டீக்கடைப் பக்கம் நிற்கிறீர்களா, எதிர்ச்சாரியில் நிற்கிறீர்களா என்பது சிறிய விஷயமில்லை. உங்கள் ஆய்வேட்டின் பாதி அதிலேயே முடிவாகிவிடும்.

கரண்டிக்காரர்_மகள்

இந்த இழையைப் படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். அம்மா இப்படி ஒரு முச்சந்தியில் நின்றுதான் என்னைப் படிக்க வைத்தார். நின்ற ஆண்டுகளெல்லாம் சித்தாளாகவே நின்றார். ஆண்கள் சித்தாளாக வந்து கையாளாகி, கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிடுவார்கள். பெண்கள் கையில் யாரும் கரண்டியைக் கொடுக்க மாட்டார்கள்.

பெண்கள் ஏன் எதிர்ச்சாரியில் நிற்கிறார்கள் என்று கேட்டீர்கள். டீக்கடைப் பக்கம் ஆண்கள் பீடி குடித்துக்கொண்டு நிற்பார்கள், பேச்சும் ஒரு மாதிரி இருக்கும். அது ஒரு காரணம். விடியற்காலையில் தனியாக நிற்கும் பெண்ணை வண்டியில் போகிறவன் எந்தக் கண்ணோடு பார்ப்பான் என்பது இன்னொரு காரணம். அதனால் ஒரே தெருப் பெண்கள் சேர்ந்து வருவார்கள், சேர்ந்து நிற்பார்கள், தனியாக யாரும் வண்டியில் ஏற மாட்டார்கள். கூலி பேசுவது அவர்களில் மூத்தவர். மூன்று பேர் வேண்டும் என்று மேஸ்திரி கேட்டால், “நாலு பேரையும் கூப்பிடுவதானால் வருகிறோம்” என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு உண்டு. சில நாள் அந்தத் துணிச்சலால் நாலு பேருக்குமே வேலை இல்லாமல் போகும்.

இதையெல்லாம் எதிர்ச்சாரியில் நின்றால் நீங்கள் பார்க்கலாம். டீக்கடையிலிருந்து பார்த்தால் “பெண்கள் ஒதுங்கி நின்றார்கள்” என்றுதான் குறிப்பேட்டில் ஏறும்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே நிற்கும் எல்லோரையும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேஸ்திரி வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே கையையும் காலையும் பார்ப்பார், வயதைப் பார்ப்பார், இருமுகிறவர்களைப் பார்ப்பார். பார்க்கப்படுவதுதான் அந்த இடத்தில் பிழைப்பு. அதற்கு நடுவில் குறிப்பேட்டோடு இன்னொருவர் வந்து நின்று பார்த்தால் என்ன ஆகும்? தொழிலாளர் துறையிலிருந்து வந்திருக்கிறார்களோ, பத்திரிகையோ என்று நினைத்து மேஸ்திரி வண்டியை நிறுத்தாமல் போய்விடுவார். பாடநூலில் அதை உற்றுநோக்குபவரின் தாக்கம் என்று ஒரு குறையாக எழுதியிருப்பார்கள். அங்கே நிற்பவர்களுக்கு அது ஒரு நாள் கூலி.

இதை யோசித்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறேன். போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

எண்ணும்_எழுத்தும்

சகோதரி சொன்னது முக்கியமானது. என் வாதத்துக்கும் அது வலுச் சேர்க்கிறது. ஹாதார்ன் ஆலையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்: வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே காரணம் என்றார்கள். பார்ப்பதே பார்க்கப்படுவதை மாற்றிவிடுமானால், நீங்கள் எழுதப்போவது நீங்கள் இருக்கும்போது மட்டும் இருக்கிற முச்சந்தியைப் பற்றித்தான்.

ஷிப்ட்_முடிந்தது

ஆலைத் தொழிலாளியாக இருந்து, சங்கப் பொறுப்பிலும் இருந்தவன் நான். ஹாதார்னை இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை, தோழரே.

சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலை அது. வெளிச்சச் சோதனைகள் 1924இல் தொடங்கின. நீங்கள் சொன்ன கதை பாடநூல்களில் ஏறி நிலைத்துவிட்டது. அந்தப் பழைய எண்களைத் தேடி எடுத்து ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் 2011இல் மறுபடி ஆராய்ந்தார்கள். கதையில் சொல்லப்படும் அந்தப் பெரிய விளைவு எண்களில் தெரியவில்லை என்பதே அவர்கள் முடிவு.

அதே ஆலையில் நடந்த இன்னோர் ஆய்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, டெலிபோன் இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி கோக்கும் 14 ஆண் தொழிலாளிகளைத் தனி அறையில் வேலை செய்யவைத்து, கவனிக்க ஓர் ஆளையும் உள்ளேயே உட்காரவைத்தார்கள். ஆய்வுக்கு ஆலோசனை சொன்னவர் லாயிட் வார்னர். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் கள ஆய்வு செய்துவிட்டு வந்த மானிடவியலாளர்.

அந்த அறையில் உற்பத்தி ஏறவில்லை! ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தொழிலாளிகள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்கிறவனின் தோள்பட்டைக்குக் கீழே ஓங்கி ஒரு குத்து விழும். நிறையச் செய்த நாளில் குறைத்துச் சொல்லி, குறைவாகச் செய்த நாளில் அதை ஈடுகட்டிக் கணக்குக் கொடுத்தார்கள். இவையெல்லாம் கவனிப்பவரின் கண் முன்னாலேயே நடந்தன. முதலில் அவரிடம் எச்சரிக்கையாக இருந்தவர்கள், அவர் மேலாளரிடம் எதையும் கொண்டுபோகவில்லை என்று கண்ட பிறகு பழையபடி ஆகிவிட்டார்கள். வினாநிரல் கொடுத்து “வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? எங்கள் ஆலையில் கேட்டிருந்தால் நானே இல்லை என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

எனவே தாக்கம் இருக்கும், உண்மை. ஆனால் அது எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பார்க்கிறவர் யார் பக்கம் என்று தெரியாதவரைதான் அது பெரிதாக இருக்கும்.

கழனி_மேடு

காவிரிக்கரை ஐயா தஞ்சைப் பக்கத்தைச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. தலைவர் வீட்டு மாடியில் தங்கினார்கள். எங்கள் தெருவுக்குத் தலைவரின் ஆளோடுதான் வந்தார்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போது, டீக்கடையில் தனிக் குவளை இருந்ததா என்று கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் ஒற்றுமை என்றே எழுதியிருப்பார்கள். அந்த அறிக்கையை எங்களுக்கு யாரும் காட்டவே இல்லை.

மருதநிலம்

கேத்லீன் கஃப் பெயரை யாரும் சொல்லவில்லையே. பெத்தெய்க்குப் பத்தாண்டு முன்பு, 1951-52இல், அதே தஞ்சை மாவட்டத்தில் கும்பாபேட்டை என்று அவர் பெயரிட்ட ஊரில் ஆய்வு செய்தவர். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த 1952ஆம் ஆண்டும் அவருடைய களப்பணிக் காலத்தில்தான் அடங்குகிறது. நிலம் யாரிடம், உழைப்பு யாரிடம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்று அவர் துருவித் துருவிப் பார்த்திருக்கிறார். 1976இல் மறுபடியும் போய், கால் நூற்றாண்டில் என்ன மாறியது என்று எழுதினார். மார்க்சியப் பார்வை உள்ளவர், அதை மறைத்தவரும் இல்லை. ஒரே மாவட்டம், பத்தாண்டு இடைவெளி, இரண்டு பேர். இருவரையும் சேர்த்துப் படித்தால்தான் தஞ்சை புரிகிறது. இரண்டு விதமாக எழுதுவதைக் குறை என்று எண்ணும்_எழுத்தும் சொல்கிறார். எனக்கு அது இந்த முறையின் வளமாகவே படுகிறது.

திரும்பப் போய்ப் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அவரவர் அறிந்த கிராமங்களை ஆராயச் செய்து 1918இல் நூலாக்கினார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலாபுரம், பாலக்குறிச்சி என்று அதில் வந்த ஊர்களுக்கு 1930களில் மறுபடி போனார்கள்; பின்னரும் போனார்கள். சரிபார்க்க வழியில்லை என்று சொல்ல முடியாது. பொறுமைதான் வேண்டும்.

நெய்தல்_ஆய்வாளர்

ஒரு எச்சரிக்கை. ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் போய் நின்றுவிட்டால் முழு உண்மையும் தெரிந்துவிடும் என்று இங்கே ஓர் எண்ணம் வளர்கிறது. மைக்கேல் மொஃபாட் செங்கற்பட்டுப் பகுதியில் எண்டாவூர்க் காலனி மக்களை மையமாக வைத்து ஆய்ந்தார். தங்களைத் தள்ளிவைக்கும் அதே சாதி ஒழுங்கைத் தலித் மக்களும் தமக்குள் படைத்துக்கொள்கிறார்கள், அதை ஏற்கிறார்கள் என்று 1979இல் எழுதினார். அந்த முடிவைப் பலரும் கடுமையாக மறுத்தார்கள். சடங்கில் ஒருவர் குனிவதைப் பார்த்து, மனத்தாலும் ஏற்றுக்கொண்டார் என்று எழுதிவிடலாமா? நின்ற இடம் வேறு, பார்த்ததைப் புரிந்துகொண்ட விதம் வேறு. இரண்டிலும் கவனம் வேண்டும்.

பூங்கொடி_முதுகலை

எல்லோருக்கும் நன்றி. கரண்டிக்காரர்_மகள் அக்கா எழுதியதைப் பலமுறை படித்தேன்.

தோழி ஒருத்தி வேறு யோசனை சொல்கிறாள்: ஆய்வு என்று யாரிடமும் சொல்லாமல் சித்தாளாகவே போய் நின்றுவிடு, அப்போது உன்னால் எந்த மாற்றமும் வராது, மேஸ்திரியும் பயப்பட மாட்டார் என்கிறாள். முழுப் பங்கேற்பு என்று பாடநூலும் அதை ஒரு வகையாகச் சொல்கிறது. செய்யலாமா?

கரண்டிக்காரர்_மகள்

வேண்டாம். நீங்கள் ஏறும் வண்டியில் ஓர் இடம் குறையும். அந்த இடத்துக்கு உரியவர் வீட்டுக்குத் திரும்புவார்.

காவிரிக்கரை

அவர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் மறைத்துச் செய்த ஆய்வுகள் என்ன ஆயின என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில், பொதுக் கழிப்பறைகளில் ஆண்களுக்கிடையே நடந்த பாலுறவுச் சந்திப்புகளை ஆராய்ந்தார். அன்று அது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். வெளியே காவல் பார்க்கும் ஆளாக நடித்து உள்ளே நடப்பதைக் கவனித்தார். அதோடு நிற்காமல் வந்தவர்களின் கார் எண்களைக் குறித்து, முகவரி கண்டுபிடித்து, ஓராண்டு கழித்துத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதாரக் கணக்கெடுப்பு என்று சொல்லி 50 பேரை அவர்கள் வீட்டிலேயே பேட்டி கண்டார். 1970இல் நூல் வந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மணமாகிக் குடும்பத்தோடு வாழ்பவர்கள் என்று காட்டி, அன்றைய பல தவறான எண்ணங்களை அந்த நூல் உடைத்தது, பயன் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியல் போலீசின் கையில் சிக்கியிருந்தால் எத்தனை குடும்பங்கள் சிதறியிருக்கும்? அவர்கள் சார்பில் அந்த ஆபத்தை ஏற்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? என் மனத்தில் இதற்கு ஒரே பதில்தான்: யாரும் கொடுக்கவில்லை.

இன்னொன்று, மறைந்து போனால் மாற்றம் வராது என்பதும் சரியில்லை. 1954 டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வந்து உலகம் அழியும் என்று நம்பிய சிறு குழு ஒன்று சிகாகோ பக்கத்தில் இருந்தது. லியான் ஃபெஸ்டிங்கரும் துணை ஆய்வாளர்களும், நம்பிக்கையாளர்களைப் போல நடித்து ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். குழுவோ மிகச் சிறியது. திடீரென்று புதியவர்கள் அதிசயக் கதைகளோடு வந்து சேர்ந்ததையே வானுலகத்தின் அடையாளமாகக் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். 1956இல் வந்த நூலின் பின்னிணைப்பில் ஆசிரியர்களே இதை எழுதியிருக்கிறார்கள்.

நடுவழி ஒன்றுக்குச் சான்று வேண்டுமானால் எர்விங் காஃப்மன். 1955-56இல் வாஷிங்டனில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்த மனநல மருத்துவமனையில் ஆய்வு செய்தார். விளையாட்டுப் பிரிவில் உதவியாளர் என்பது வெளித்தோற்றம், கேட்டால் ஆய்வு செய்ய வந்திருப்பதைச் சொல்வார், மேலிடத்துக்கும் தெரியும். பகலெல்லாம் நோயாளிகளோடு இருந்தார், ஊழியர்களோடு நெருங்குவதைத் தவிர்த்தார். சாவி வைத்துக்கொள்வதையும் தவிர்த்தார். பூட்டிய கட்டடத்தில் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ, அவர் மறுபக்கத்து ஆள் என்று நோயாளிகள் கண்டுகொள்வார்கள் அல்லவா? தம் பார்வை நடுநிலையானது இல்லை, நோயாளிகள் பக்கம் சாய்ந்தது, நடுத்தர வர்க்க ஆணின் பார்வை என்று நூலின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்.

அம்மா, முச்சந்தியில் உங்கள் கையில் இருக்கும் குறிப்பேடுதான் அந்தச் சாவி.

பூங்கொடி_முதுகலை

மீண்டும் எழுதுகிறேன். கரண்டிக்காரர்_மகள் அக்காவின் அறிவுரைப்படி, முச்சந்திக்கு நேராகப் போகாமல், எதிர்ச்சாரியில் நிற்கும் பெண்களில் மூத்தவரை முதலில் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். கல்லூரி, ஆய்வேடு, பட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். “நல வாரியத்தில் பெயர் பதிய வந்திருக்கிறாயா?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். இல்லை என்றதும் முகம் சற்று வாடியது. பிறகு, “மேஸ்திரி வருகிற நேரத்தில் எங்களோடு நிற்காதே, ஆறு மணிக்கு முன்பு வா, எட்டரைக்கு மேல் வா” என்று நேரம் வகுத்துக் கொடுத்தார். இடையில் நடப்பதைத் தெருமுனைப் பூக்கடையிலிருந்து பார்க்கலாம் என்று அந்தக் கடைக்கார அம்மாவிடமும் சொல்லிவைத்தார்.

குறிப்பேட்டை அங்கே எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எட்டரைக்கு மேல் அங்கே நிற்பது வேறோர் உலகமாக இருக்கிறது. அழைக்கப்படாதவர்கள் உடனே கலைந்து போவதில்லை. அடுத்த வாரம் எந்தத் தெருவில் தளம் போடுகிறார்கள், எந்த மேஸ்திரி கூலி பாக்கி வைத்திருக்கிறார், யாரிடம் போகக் கூடாது என்ற செய்திகளெல்லாம் அப்போதுதான் கைமாறுகின்றன. வேலை கிடைக்காதவர்கள் நிற்கும் நேரம் வீண் நேரம் என்று நினைத்திருந்தேன். அடுத்த நாள் வேலைக்கான செய்தியே அங்கேதான் பிறக்கிறது. என் நெறியாளரின் வினாநிரலில் “வேலை கிடைக்காத நாட்களில் என்ன செய்வீர்கள்?” என்று ஒரு கேள்வி இருக்கிறது. அவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். “சும்மா வீட்டுக்குப் போய்விடுவோம்” என்றார்கள், அப்படி நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே.

எண்ணும்_எழுத்தும்

அருமையான செய்தி, மனமாரச் சொல்கிறேன். இப்போது என் பங்குக்கு ஒன்று. இதை எண்ணவும் செய்யுங்கள். பூக்கடையிலிருந்து பார்க்கும் நேரத்தில் நின்ற பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை, எந்த மணிக்கு எத்தனை பேர் ஏறினார்கள், தனியாகவா கூட்டமாகவா என்று ஒவ்வொரு நாளும் ஒரே முறையில் பதிவு செய்தால், உங்கள் சொற்களுக்குப் பக்கத்தில் எண்களும் நிற்கும். வைட் கூடப் பந்தாட்ட மதிப்பெண்களை வைத்துத்தானே பேசினார்? மழை நாளும் முகூர்த்த நாளும் திங்கட்கிழமையும் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே நாட்களைக் கலந்து தேர்ந்தெடுங்கள். பிடித்த நாளில் மட்டும் போகாதீர்கள். “கதையா?” என்று நெறியாளர் கேட்டால் அந்த அட்டவணையைக் காட்டலாம்.

முன்பு எதையும் நிறுவ முடியாது என்று எழுதியிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதினால் முடியும் என்று திருத்திக்கொள்கிறேன்.

காவிரிக்கரை

குறிப்பு எழுதும்போது தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும் மட்டும். வலப்பக்கம் உங்கள் எண்ணம். “மேஸ்திரி ஏளனமாகப் பார்த்தார்” என்பது வலப்பக்கத்துக்கு உரியது. “வண்டியை நிறுத்தாமலே கையை ஆட்டி நகரச் சொன்னார்” என்பது இடப்பக்கம். நெய்தல்_ஆய்வாளர் சொன்ன சிக்கலுக்கு என்னிடம் இருக்கும் ஒரே மருந்து இது.

எழுதுவதை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். பிரதியும் வேறிடத்தில் இருக்கட்டும். 1970 ஏப்ரல் 24 அன்று, ஸ்டான்ஃபோர்டில் சீனிவாஸ் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். ராம்புராக் குறிப்புகளைப் பதினெட்டு ஆண்டுகளாகத் தொகுத்து வைத்திருந்த மூன்று பிரதிகளும் அந்த ஒரே அறையில் இருந்தன. சால் டாக்ஸ் என்ற மானிடவியலாளர், நினைவிலிருந்தே எழுதுங்கள் என்று தூண்டியதால் 1976இல் அந்தப் புகழ்பெற்ற நூல் பிறந்தது. அவருடைய நினைவாற்றலும் அனுபவமும் அதற்கு வேண்டியிருந்தன. நம்மால் அப்படி முடியாது.

கழனி_மேடு

தங்கையே, ஊர்ப் பெயரை மாற்றிப் போடுவீர்கள்தானே? ராம்புரா, ஸ்ரீபுரம், கும்பாபேட்டை எல்லாமே மாற்றுப் பெயர்கள் என்பது இந்த இழையைப் படித்துத்தான் தெரிந்தது. ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பூக்கடை, மூத்த பெண் என்று எழுதினால் உள்ளூர் மேஸ்திரிக்கு யார் என்று தெரிந்துவிடும். கூலி பாக்கி வைத்த மேஸ்திரியைப் பற்றிச் சொன்னது யார் என்றும் தெரிந்துவிடும்.

பூங்கொடி_முதுகலை

தெரிந்துவிடும் அண்ணா. அதனால் இந்த இழையிலேயே இடத்தைப் பற்றிய அடையாளங்களைச் சற்று மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கூலி பாக்கிச் செய்தியை ஒருவர் சொன்னதாக எழுதாமல், பல நாள் பலர் சொன்னதைச் சேர்த்து எழுதப் போகிறேன். அச்சுக்குப் போகும் முன்பு அவர்களைப் பற்றிய பகுதியை எதிர்ச்சாரிப் பெண்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் வரிகளை எடுத்துவிடுவேன். நெறியாளரிடம் அட்டவணை யோசனையைச் சொன்னேன். வினாநிரலை முப்பது பேருக்குக் குறைத்து, மீதியை உற்றுநோக்கலாகச் செய்ய ஒப்புக்கொண்டார். ஆய்வேட்டில் முறையியல் இயலின் முதல் பத்தியில், எந்த நேரம் எங்கே நின்றேன், எங்கே நிற்கவில்லை, டீக்கடைப் பக்கத்து ஆண்களின் பேச்சு எனக்கு ஏன் கேட்கவில்லை என்று எழுதும்படியும் சொன்னார்.

கரண்டிக்காரர்_மகள்

படித்துக் காட்டுவதானால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் போங்கள். மற்ற நாளில் துணி துவைக்கக்கூட நேரம் இருக்காது. மூத்தவர் வீட்டில் வேண்டாம். அவர் முன்னால் மற்றவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். கோயில் திடலோ பள்ளித் திண்ணையோ பாருங்கள்.